ஏலத்தில் போன சாயாக்கடை

பிளவுஸ் தைக்க என்ன கூலி என்று என்னிடம் யாரும் கேட்பதில்லை. எங்கள் ஊர் கொல்லயிலில் அது எல்லாருக்கும் தெரிந்த கூலி. லைனிங் வைத்தால் ஒரு தொகை, வைக்காவிட்டால் ஒரு தொகை. பாறசாலைத் தையல்காரர்கள் கூட்டினால் கொஞ்ச நாளில் நானும் கூட்டுவேன், யாரும் சண்டைக்கு வருவதில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தையல் மெஷினில் உட்கார்ந்தவள் நான். ஒரு பொருளுக்கு விலை சொல்வது இவ்வளவு பெரிய பாடு என்பது அடுத்த வீட்டு ஜீனாவைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.

ஜீனா அமரவிளைக்காரி. டைல்ஸ் வேலைக்குப் போகும் பிபினைக் கட்டி இங்கே வந்தாள். என் வீட்டுக்கு முதலில் வந்தது வெட்டுத்துணி கேட்டு.

"அக்கா, சின்னத் துண்டு போதும். நகத்தளவு இருந்தாலும் களயாண்டாம், எனக்குத் தாங்க."

எதற்கென்று நான் கேட்கவில்லை. கொஞ்சம் பொறுத்தால் எதுவும் தானே தெரிந்துவிடும். ஒரு வாரம் கழித்து, செருப்புப் பெட்டியின் மூடியில் வைத்து அவள் கொண்டுவந்து காட்டியது ஒரு சாயாக்கடை.

இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தினால் அதற்குள் அடங்கிவிடும் கடை. கூரை தகரம் மாதிரி அலை அலையாக இருந்தது. சாப்பாடு பொதியும் அலுமினியத் தாளைச் சீப்பின் மேல் வைத்து நகத்தால் அழுத்தி அழுத்தி எடுத்தாளாம். கண்ணாடித் தம்ளர்கள் எல்லாம் தீர்ந்துபோன பேனா ரீஃபிலை வெட்டியவை. களிமண்ணில் பிடித்த பழக்குலை ஒன்று நான் கொடுத்த நூலில் தொங்கியது. வாசலில் ஒரு பெஞ்சு. அதன் ஒரு கால் கொஞ்சம் குட்டை, கீழே செங்கல் துண்டு. அதைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, இது பஸ் ஸ்டாப்பில் இருக்கும் வேலாயுதன் அண்ணன் கடை. செங்கலில் அவர் தீக்குச்சி உரசின கறுப்புக்கூட இருந்தது.

"கொள்ளாமா அக்கா?"

"கொள்ளாம்" என்றேன். நன்றாக இருக்கிறது என்பதற்கு எங்கள் ஊர்ச் சொல் அது. அன்றைக்கு அவள் போகும்வரை நான் மெஷினை மிதிக்கவில்லை. அதிர்ச்சியில் ஒரு தம்ளர் சரிந்துவிட்டால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது.

முழுதாகச் செய்து முடித்த முதல் கடை என்பதால் அதை அறுப்பின் பண்டிகையில் கோயிலுக்குக் கொடுத்தாள். எங்கள் சபையில் அது வழக்கம். வாழை வைத்தவர்கள் முதல் குலை, கோழி வளர்ப்பவர்கள் முதல் முட்டை, வேலை கிடைத்த பிள்ளைகள் முதல் சம்பளம். நான் இரண்டு தலையணை உறை கொடுப்பேன். ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் முற்றத்தில் வைத்து ஏலம் விடுவார்கள். எடுத்தவர்களே மறுபடியும் காணிக்கையாக வைத்துவிடுவதும் உண்டு. ஒரே சேவல் மூன்று முறை ஏலம் போய் மத்தியானம்வரை கத்திக்கொண்டு கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஏலம் விடுவது ஆட்டோ ஓட்டும் பினு. மைக் இல்லாமலே அவன் குரல் அடுத்த வளைவுவரை கேட்கும்.

"பெரியோர்களே, அண்ணன்மாரே, அக்காமாரே! வேலாயுதன் கடை விற்பனைக்கு! பெஞ்சு உண்டு, பழம் உண்டு, சாயாவில தண்ணி கூடுதல்னு குறை பறய ஆளு மட்டும் இல்ல. அம்பது ரூவா!"

ஏலத்துக்குச் சாதி மதம் கிடையாது. வேலாயுதன் அண்ணனும் கூட்டத்தில் நின்றிருந்தார். "எலே பினு, உனக்கு நாளைக்கு சாயா கிடையாது பாத்துக்கோ" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

ஐநூறு ரூபாய்வரை சிரிப்பாகத்தான் போனது. அப்போது ஞானதாஸ் அண்ணன் ஆயிரம் என்றார். அவருக்கு அம்பூரியில் ரப்பர் தோட்டம், இங்கே ரப்பர் ஷீட் வியாபாரம். உடனே எதிர்ப்பக்கத்திலிருந்து டென்னிசன் அண்ணன் இரண்டாயிரம் என்றார். மஸ்கட்டிலிருந்து திரும்பி வந்தவர். இரண்டு பேர் வீட்டுக்கும் நடுவே ஒரு வழித் தகராறு, நெய்யாற்றின்கரைக் கோர்ட்டில் பல வருஷமாக நடக்கிறது. கோர்ட்டில் தீராததை அவர்கள் கோயில் முற்றத்தில்தான் தீர்த்துக்கொள்வார்கள். போன வருஷம் ஒரு மட்டிப்பழக் குலைக்காக ஊரே வாயைப் பிளக்கும்படி விலையை ஏற்றி ஏற்றி விளித்தார்கள். இந்த வருஷம் கடைசியாக வந்தது சாயாக்கடை. பதினாலாயிரம் ரூபாய்க்கு ஞானதாஸ் அண்ணன் எடுத்தார்.

நான் ஜீனாவைப் பார்த்தேன். சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு நின்றாள். கண் நிறைந்திருந்தது.

அந்தச் சமயத்தில் அவளுக்கு ஒரு வேலை ஏற்பாடாகி இருந்தது. பிபினின் தங்கச்சி நீது நெய்யாற்றின்கரையில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். அங்கே சேல்ஸுக்கு ஆள் வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தாள். காலையிலிருந்து ராத்திரிவரை நிற்கிற வேலை. ஏலம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் பிபினே சொன்னான். மதிலுக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது.

"ஒரு வருஷம் பாரு ஜீனா. அடுத்த அறுப்பின் பண்டிகைவரை. நீதுக்க கூலி அளவுக்கு இதுல கிடைச்சா நீ வீட்டுல இரி. இல்லெங்கி கடைக்குப் போ. பின்ன என்னைக் குற்றம் பறயப்பிடாது."

அப்படித்தான் அந்த வருஷம் தொடங்கியது. சந்தோஷமான தொடக்கம் என்றே நானும் நினைத்தேன்.

முதலில் வந்தது வேலாயுதன் அண்ணன். நான் ஜீனா வீட்டில் பிளவுஸ் அளவு எடுத்துக்கொண்டிருந்தேன். முற்றத்தில் நின்றே கேட்டார்.

"பிள்ளே, என் கடைய எனக்கு எவ்வளவுக்குத் தருவ? அதுபோல ஒண்ணு போதும். கல்லாப்பெட்டிக்க மேல வைக்கியதுக்கு."

ஜீனா என்னைப் பார்த்தாள். நான் இஞ்ச் டேப்பைச் சுருட்டினேன்.

"அது வந்து அண்ணே... கோயில்ல போன விலை உங்களுக்குத் தெரியுமே."

"பதினாலாயிரமா?" அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "எட்டீ, நான் என் கடைய அடியோட வித்தாலும் அவ்வளவு வராதுடீ. அதுல நானும் சேர்த்தியா?"

சிரித்துக்கொண்டேதான் போனார். ஆனால் படி இறங்கும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். இன்னொரு விலை சொல்வாள் என்று எதிர்பார்த்திருப்பார்.

அவர் போன பிறகு ஜீனா சொன்னாள். "ஒரு ஐநூறு ரூவாய்க்குக் குடுக்கலாம் அக்கா. குடுக்க எனக்கும் ஆசைதான். ஆனா ஞானதாஸ் அண்ணன் ஆண்டவருக்க முன்னாடி பதினாலாயிரம் எண்ணி வச்சாரு. அதே சாதனத்த மறுவாரம் நான் ஐநூறுக்குக் குடுத்தா, அவர ஏமாத்தினது போல ஆவாதா?"

பிறகு மெஷினில் உட்கார்ந்து யோசித்தேன். பழக்குலைக்குச் சந்தையில் ஒரு விலை உண்டு. ஏலத்தில் அதற்கு மேல் போனதெல்லாம் காணிக்கை, இல்லாவிட்டால் வீறாப்பு என்று எல்லாருக்கும் தெரியும். மறுநாள் கடையில் குலை பழைய விலைக்கே கிடைக்கும், யாரும் யாரையும் ஏமாற்றினதாக ஆகாது. ஜீனாவின் கடைக்குச் சந்தை விலை என்று ஒன்று இருந்ததே இல்லை. ஏலம் சொன்னதுதான் அதற்கு முதலும் கடைசியுமான விலை. அவளிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று பட்டது. ஆனால் சொல்லிவிட்டு, அப்படியென்றால் சரியான விலை என்ன அக்கா என்று அவள் கேட்டால் எனக்கும் தெரியாது. அலுமினியத் தாளும் பேனா ரீஃபிலும் குப்பைக்குப் போகிறவை. அவள் உட்கார்ந்த நாட்களுக்கு யார் விலை போடுவது?

செய்வதை அவள் நிறுத்தவில்லை. லாட்டரிக் கடை, மீன் தட்டு, பார்பர் கடை என்று ஒவ்வொன்றாக அலமாரியில் ஏறின. பார்பர் கடையின் கண்ணாடியில் பார்த்தால் எதிரே மாட்டியிருந்த காலண்டர் இடவலம் மாறித் தெரிந்தது. நீது போட்டோ எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டாள். நிறையப் பேர் இதயம் போட்டார்கள். சிலர் விலை கேட்டார்கள். ஜீனா விலை எழுதி அனுப்புவாள். அதன் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து ஒன்றும் வராது. சிலர் சிரிக்கிற பொம்மை மட்டும் அனுப்புவார்கள். ஜீனா போனை என் மெஷின் மேல் வைத்துவிட்டு, அது தன்னால் பேசும் என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

மழைக்கு முன்னால் திருவனந்தபுரத்திலிருந்து ஒருவர் காரில் வந்தார். அனூஜ் என்று பேர். இதுபோன்ற சின்னச் சாமான்களை வாங்கிச் சேர்ப்பவராம். அலமாரிக்கு முன்னால் முழங்கால் குத்தி உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தார். கையால் தொடவில்லை. அதனால் எனக்கு அவரைப் பிடித்திருந்தது.

"ஆறு கடை வேணும்" என்றார், மலையாளம் கலந்த தமிழில். "ஒரு தெரு மாதிரி. நிதானமாச் செஞ்சாப் போதும். ஒண்ணுக்கு ரெண்டாயிரத்தி ஐநூறு வச்சுத் தரட்டே?"

நான் வாசலோரம் நின்று மனசுக்குள் பெருக்கிப் பார்த்தேன். நீது ஒரு மாதம் நின்று சம்பாதிப்பதைவிட அது குறைவில்லை. ஜீனாவும் பெருக்கியிருப்பாள். அவள் கழுத்து சிவந்தது.

"பதினாலாயிரம்" என்றாள்.

"ஆறுக்குமா?"

"ஒண்ணுக்கு."

அவர் கோபப்படவில்லை. "அந்த விலை எப்பிடி வந்துது?" என்று மெதுவாகக் கேட்டார்.

"எங்க கோயில்ல ஏலத்தில போன விலை."

"அது கோயிலுக்குக் கொடுத்ததல்லே? சாதனத்துக்குக் கொடுத்தது அல்லல்லோ."

அவர் ஜீனா தந்த சாயாவைக் குடித்து முடித்து, நம்பரை எழுதி வைத்து, வாசலில் செருப்பை மாட்டும்போது இன்னொரு தடவை அலமாரியைப் பார்த்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் பிபினுக்கு விஷயம் தெரிந்தது.

"வீடு தேடி வந்த ஆளை விரட்டி விட்டியா? நான் ஒரு ஹால் முழுக்க டைல்ஸ் பதிச்சாலும் அவ்வளவு வராது."

"குறைச்சுக் குடுத்தா, முதல்ல வாங்கினவரு முட்டாள்னு நான் பறஞ்சது போல ஆவும்."

"அவரு முட்டாளு இல்ல. டென்னிசன் அண்ணனுக்க வாய அடைக்க வாங்கினாரு. ஊருக்கே தெரியும்."

"அப்ப எனக்க சாதனத்துக்காக இல்லியா?" ஜீனாவின் குரல் உயர்ந்தது அப்போதுதான். "அதுல ஒண்ணுமே இல்லாமயா அவ்வளவு விளிச்சாங்க?"

பிபின் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனான். வாயை அடைக்க வாங்கினார் என்றதை அவன் வேண்டுமென்று சொல்லவில்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு விலையைக் குறைப்பது என்றால், தன் கைவேலையில் ஒன்றும் இல்லை என்று அவளே ஒத்துக்கொள்வதுபோல ஆகிவிட்டது.

மழையில் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்தும் இரண்டு கடைகளில் பூஞ்சை பிடித்தது. மீன் தட்டில் பசையைத் தின்ன எறும்பு வந்தது. அவள் பஞ்சால் துடைத்துத் துடைத்து வைத்தாள். ஒன்றுகூட விற்கவில்லை.

மழை விடும் சமயத்தில் ஊரில் ஒரு நல்ல காரியம் நடந்தது. ஞானதாஸ் அண்ணனின் மகளுக்கும் டென்னிசன் அண்ணனின் மகனுக்கும் கல்யாணம் நிச்சயமானது. பிள்ளைகள் காரக்கோணத்தில் படிக்கும்போதே பேசிப் பழகியவர்களாம். கேஸை இரண்டு பேரும் சேர்ந்து போய் முடித்துவிட்டார்கள். தகராறு வழியில் இப்போது ஒரே கேட். கல்யாணத்துக்கு வெள்ளையடிக்க ஞானதாஸ் அண்ணன் வீட்டு ஷோகேஸை ஒழித்தபோது சாயாக்கடை வெளியே வந்தது. பண்டிகைக்கு அதைத் திரும்பக் காணிக்கையாக வைக்கப் போவதாகச் சொல்லி அனுப்பினார்.

ஜீனா ஓடி வந்தாள். அவ்வளவு தெளிந்த முகத்தை நான் பல மாதமாகப் பார்த்திருக்கவில்லை.

"அக்கா, திரும்பவும் ஏலம்! நீதுகிட்ட வீடியோ எடுக்கச் சொல்லியிருக்கேன். விலை ஏறியத ஆளுகள் கண்ணால பாத்தா நம்புவாங்க இல்லியா? அந்தத் திருவனந்தபுரத்து அண்ணனுக்கும் அனுப்பலாம்."

கல்யாணம் நிச்சயமான விஷயம் அவளுக்கும் தெரியும். நாங்கள் இரண்டு பேரும் நிச்சயதார்த்த விருந்துக்குப் போய் வந்தவர்கள்தான். கல்யாணத்தையும் ஏலத்தையும் அவள் சேர்த்துப் பார்க்கவில்லை. பார்த்த எனக்கோ, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல மனசு வரவில்லை. அடுத்த நாள், "சில வருஷம் ஏலம் மட்டமாவும் போவும் ஜீனா" என்று மட்டும் சொன்னேன். "கோழிக்கு மட்டமாப் போவும். இதுக்குப் போவாது" என்றாள்.

பண்டிகை நாள் நல்ல வெயில். ஞானதாஸ் அண்ணனும் டென்னிசன் அண்ணனும் ஒரே பந்தலின் கீழ் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, பந்தி வைக்கும் ஆளைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். ஜீனா புதுச் சேலை கட்டியிருந்தாள். நீது போனைத் தூக்கிப் பிடித்தாள். பினு சாயாக்கடையை உயர்த்திக் காட்டி, போன வருஷத்துப் பகடியையே சொன்னான். இந்த முறை சிரிப்பு குறைவாக இருந்தது.

"அம்பது ரூவா! யாரு? ஞானதாஸ் அண்ணே?"

"நான் கொண்டுவந்தத நானே எடுக்கவாலே?"

"அப்ப டென்னிசன் அண்ணன்!"

"சம்பந்தி வீட்டுச் சாதனம் எல்லாம் இனி நம்ம வீட்டுச் சாதனம்தானடே. பின்ன என்னத்துக்குக் காசு குடுத்து வாங்கியது?"

அதற்கு எல்லாரும் சிரித்தார்கள். அவர்கள் இரண்டு பேரும்தான் அதிகம் சிரித்தார்கள்.

யாரோ எழுபத்தைந்து என்றார்கள். "நூறு" என்று இன்னொரு குரல். அதற்குப் பின்னே, முன்வரிசையிலிருந்து, "நூத்தி இருவது" என்று கேட்டது. வேலாயுதன் அண்ணன். கையை இடுப்பில் சொருகிய துண்டில் வைத்துக்கொண்டு, ஆசையை முகத்தில் காட்டாமல் இருக்கப் பார்த்தார்.

"நூத்தி இருவது, ஒரு தரம்!"

ஜீனா முற்றத்தைச் சுற்றிப் பார்த்தாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை.

"ரெண்டு தரம்!"

"ஆயிரம்."

குரல் அவளுடையது என்று தெரிய எனக்கே கொஞ்ச நேரம் ஆனது. வேலாயுதன் அண்ணன் மேலும் விளிக்க வாயைத் திறந்துகொண்டே திரும்பியவர், ஆளைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்.

பினு குனிந்து, "மக்கா, நீ செஞ்சதுதானே இது?" என்று கேட்டான். மெதுவாகத்தான் கேட்டான். ஆனால் அவன் குரலுக்கு மெது என்பது கிடையாது. முற்றம் முழுவதும் திரும்பியது. பின்னால் நின்ற பையன்கள் சிரித்தார்கள். நீது போனைத் தாழ்த்தினாள்.

"ஆயிரம், மூணு தரம்" என்று வேகமாக முடித்துவிட்டு, பினு அடுத்ததாகப் பூசணிக்காயை எடுத்தான். பிபின் மேஜைக்குப் போய்ப் பணத்தைக் கட்டினான். ஜீனா சாயாக்கடையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு வெயிலில் நடந்தாள். நான் கூடவே நடந்தேன். நூல் அறுந்து பழக்குலை கீழே விழுந்தது. நான் எடுத்துக் கொடுத்தேன்.

மறுநாள் அவள் என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு வேலாயுதன் அண்ணன் கடைக்குப் போனாள். கூட்டம் இல்லாத நேரம் பார்த்துத்தான் போனோம். குட்டைக் கால் பெஞ்சின் மேல் சாயாக்கடையை வைத்தாள்.

"அண்ணே, நீங்க விளிச்ச நூத்தி இருவதே போதும். இல்லெங்கி சும்மாவே எடுத்துக்கங்க."

அவர் பால் பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு வந்து குனிந்து பார்த்தார். செங்கல் துண்டை விரல் நுனியால் தொட்டார்.

"வேண்டாம் மக்கா."

"ஏன் அண்ணே? ஆசைப்பட்டுத்தானே விளிச்சீங்க?"

"ஆசைதான். ஆனா நேத்து எல்லாருக்க முன்னாடியும் ஆயிரம்னு நீ விளிச்சாச்சு. இனி நூத்தி இருவதுக்கு நான் எடுத்தா, பிள்ளைக்க நஷ்டத்துல கை வச்சான்னு ஊரு என்னைப் பறயும். ஆயிரம் குடுக்க எனக்கு வகையும் இல்ல." அவர் மறுபடியும் பாத்திரத்தின் பக்கம் போனார். "நீங்க ரெண்டு பேரும் இரிங்க. சாயா குடிச்சிட்டுப் போங்க."

குடித்தோம். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

அடுத்த திங்கட்கிழமை ஜீனா நீதுவோடு நெய்யாற்றின்கரை பஸ் ஏறினாள். மற்ற கடைகளைப் பிபின் ஒரு டைல்ஸ் அட்டைப்பெட்டியில் வைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான். எறும்பு மருந்து தூவிவிட்டுத்தான் தள்ளினான். என்னிடம் அவள் வெட்டுத்துணி கேட்பதில்லை. நான் பழக்கத்தில் கொஞ்ச நாள் எடுத்து வைத்தேன். பிறகு கூட்டித் தள்ளத் தொடங்கினேன்.

கிறிஸ்மஸுக்குத் தைக்க லைனிங் துணி வாங்க அந்தக் கடைக்குப் போனேன். ஜீனா மூன்றாவது மாடியில் நின்றாள். கடைக்காரர்கள் கொடுத்த மெரூன் சேலை, கழுத்தில் அடையாள அட்டை. கவுண்டருக்கு உள்ளே, யாருக்கும் தெரியாத இடத்தில், செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலை இன்னொரு காலின் மேல் வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். பேச முடியவில்லை, முன்னால் ஒரு அம்மாள் புடவையை விரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"இது என்ன விலை மோளே?"

ஜீனா புடவையின் ஓரத்தில் ஊசியால் குத்தியிருந்த சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். அதில் இருந்த எண்ணைச் சத்தமாக வாசித்தாள்.

"குறைக்கப் பற்றுமோ?"

"இல்ல சேச்சி. ஃபிக்ஸட் ரேட் ஆக்கும்."

அந்த அம்மாள் புடவையை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். ஜீனா அதை மடித்தாள். மடிப்பு ஒன்றும் பிசகவில்லை.